ஒரு படி பின்னே

“முதல்ல என் மேலதான் உங்களுக்குச் சந்தேகம் வரும்மா. மருந்து குறையக் குறைய எல்லாருக்கும் வரும். அதுக்கு இப்பவே தயாராயிருங்க” என்று டாக்டர் கோமதிநாயகம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார்.

அமலோற்பவத்துக்கு அந்த நிமிஷமே சந்தேகம் வந்துவிட்டது. யோக்கியமான மனுஷன் எவனாவது வாசலில் நின்றுகொண்டு, என்னைச் சந்தேகப்படு என்று சொல்வானா? மார்க்கெட்டில் ஒருத்தி தானாக முன்வந்து, “நேத்து மீனுன்னு நெனச்சிராதீங்க” என்று சொன்னால் அது முந்தாநாள் மீன். இது தூத்துக்குடியில் பிறந்த யாருக்கும் தெரியும். பாவம், டாக்டர் பிறந்தது திருநெல்வேலியில்.

அவள் இடுப்புக்குச் சற்று மேலே, தோலுக்கு அடியில், புளியங்கொட்டை அளவில் ஒரு மருந்துச்சில்லு இருந்தது. இன்றைக்குப் பிள்ளைகளிடம் சொன்னால் கதை விடுவதாக நினைப்பார்கள். அந்தக் காலத்தில் தெருவுக்கு நாலு பேர் இடுப்பில் அது இருந்தது. நரம்பில் கிளம்பும் வலியைப் பாதி வழியிலேயே மோப்பம் பிடித்து, அதற்குத் தக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடும். மாத்திரை மறந்துபோகும் கவலை இல்லை, கூடுதலாக விழுங்கிவிடும் பயம் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை ஊசியால் நிரப்பினால் போதும். அமலோற்பவம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவள். ஒரு மழை நாளில் ஏணிப்படி வழுக்கி விழுந்து முதுகெலும்பு நொறுங்கியபோது, இந்தச் சில்லுதான் அவளை எழுப்பி உட்காரவைத்தது. அதற்காக அவள் மாதாவுக்கு மெழுகுவர்த்தியெல்லாம் ஏற்றியிருக்கிறாள். அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் சில்லைச் செய்தவர்கள் ஒன்றைச் சொல்லவில்லை. ஒருவேளை அவர்களுக்கே தெரியாதோ என்னவோ. நாம் ஏன் வம்புக்குப் போகவேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவளுடைய ஒரே மகன் டெரிக் செத்துப்போனான். வீட்டு மீன்பிடி வள்ளத்தைப் பழைய கரையிலிருந்து புதுக் கரைக்குக் கொண்டுவரத் தனியாகப் போனவன். நடுவழியில் இஞ்சின் நின்றுவிட்டது. கடல் அரிப்பைத் தடுக்கப் போட்டிருந்த தூண்டில் வளைவுக் கல்லில் அலை வள்ளத்தைத் தூக்கி அடித்தது. இருபத்திரண்டு வயது. கல்லறைத் தோட்டத்தில் ஊரே கதறியது. பெட்டியை மூடும் நேரத்தில் எல்லாரும் தாயின் முகத்தைப் பார்த்தார்கள். அமலோற்பவம் குனிந்து பார்த்துவிட்டு, “இந்த ஆணி கோணலா இறங்கியிருக்கு, பிடுங்கி அடிங்க” என்றாள்.

கல்நெஞ்சுக்காரி என்று அன்றைக்கு வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. அவளுக்கு அதுகூட உறைக்கவில்லை. மகன் செத்துவிட்டான் என்பது அவளுக்கு, பக்கத்து ஊரில் மழை பெய்தது என்பதுபோல ஒரு செய்தியாகத்தான் இருந்தது. இது சரியில்லை என்று அவள் அறிவுக்குத் தெரிந்தது. என் பிள்ளைக்கு நான் இன்னும் அழவில்லை, அழாமலே நானும் செத்துப்போய்விடுவேன் என்று அறிவுதான் அவளை நச்சரித்தது. ஒருநாள் பஜாரில் கைபேசி ரிப்பேர் செய்யும் ஆளிடம் போய்ச் சில்லை அணைக்கச் சொன்னாள். அவனும் ஏதோ ஒரு கருவியை இடுப்பில் வைத்து அணைத்துவிட்டான். மறுநாள் காலைக்குள் வாந்தி, உடம்பெல்லாம் வியர்வை, காலும் கையும் தன்னிச்சையாக வெட்டி வெட்டி இழுத்தன. நெஞ்சு ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து இஞ்ஞாசி, அவளுடைய கணவன், ஆட்டோவில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினான். அப்படித்தான் அவள் கோமதிநாயகத்தின் கைக்கு வந்து சேர்ந்தாள்.

“எட்டு வருஷமா உங்க உடம்பு இந்த மருந்தச் சோறுன்னு நெனச்சிட்டிருக்கு. தட்டத் திடீர்னு பறிச்சா அது சும்மா இருக்காது, ஆளயே கொண்டுபோயிரும். நிறுத்தணும்னு நெனச்சது தப்பில்லம்மா. தனியா நிறுத்துனதுதான் தப்பு. கொஞ்சம் கொஞ்சமா இறக்குவோம். நானும் கூட இருக்கேன்” என்றார் டாக்டர், சில்லைத் திரும்ப ஓடவிட்ட கையோடு.

“நிறுத்துனா எனக்கு அழுக வருமா டாக்டர்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை என்று தெரிந்தது. “வரும். உடம்பு வலிக்கும் மனசு வலிக்கும் மூளைக்குள்ள ஒரே வாசல்தான். இந்தச் சில்லு வாசல மூடி வச்சிருக்கு. தட்டுதது யாரு, முதுகா மகனான்னு அதுக்குத் தெரியாது. வாசல் தெறந்தா ரெண்டும் சேந்துதான் உள்ள வரும். முதுகு வலிக்கு வேற வழி இருக்கு, உடற்பயிற்சி இருக்கு, நான் சொல்லித் தாரேன். மத்ததுக்கு நான் பொறுப்பில்ல.”

“மத்ததுக்குத்தான் வந்திருக்கேன்” என்றாள்.

அதன் பிறகுதான் அவர் குறைக்கும் முறையைச் சொன்னார். அதற்கு ஒரு நீளமான பெயர் உண்டு. ஊரில் கண்ணைக் கட்டிக் குறைப்பது என்பார்கள். மருந்தை எப்போது குறைக்கிறார்கள், எவ்வளவு குறைக்கிறார்கள் என்று நோயாளியிடம் சொல்லமாட்டார்கள். சொன்னால், குறைத்த நாளிலிருந்து வலிக்காத இடமெல்லாம் வலிக்க ஆரம்பித்துவிடும். பயமே பாதி வலி. ஆனால் டாக்டர் ஒருவர் கையில் மட்டும் எல்லாவற்றையும் விடுவதற்குச் சட்டம் சம்மதிக்கவில்லை. நோயாளி நம்புகிற ஒருவர் சாட்சியாக இருக்கவேண்டும். அளவு என்னவென்று சாட்சிக்குத் தெரியும். சாட்சியின் கைபேசியில் ஒரு பொத்தான் இருக்கும், ‘ஒரு படி பின்னே’ என்று. வீட்டில் நோயாளிக்கு மூச்சு முட்டினாலோ வலிப்பு வந்தாலோ தாங்கமுடியாமல் துடித்தாலோ, சாட்சி அதை அமுக்கினால் மருந்து முந்தைய அளவுக்குப் போய்விடும். டாக்டருக்கும் செய்தி போகும்.

“யாரச் சாட்சியா போடலாம்?” என்று டாக்டர் கேட்டு முடிக்கவில்லை. “நான் இருக்கேன்” என்றான் இஞ்ஞாசி.

ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் மனுஷன், வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுவதே அபூர்வம். அப்படி முந்திக்கொண்டு சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. இருபத்தஞ்சு வருஷம் ஒரே பாயில் படுத்தவனைவிட வேறு யாரை நம்புவது?

முதலில் கொட்டாவி வந்தது. மூக்கு ஒழுகியது. வெயிலில் நிற்கும்போதே மயிர்க்கூச்செறிந்தது. எல்லாம் டாக்டர் சொன்ன அடையாளங்கள்தான், பயமில்லை. பிறகு ஒரு காலையில் பால்காரன் தண்ணிப் பாலை ஊற்றினான். எட்டு வருஷமாக அதே தண்ணிப் பால்தான். அன்றைக்கு மட்டும் அமலோற்பவத்துக்குச் சுருக்கென்றது. தெருவே திரும்பிப் பார்க்கும்படி அவனைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டாள். உள்ளே வந்து அடுப்படியில் நின்ற பிறகுதான் உறைத்தது. கோபம் வந்துவிட்டது! அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அன்றைக்குச் சோறு போடும்போது இஞ்ஞாசியிடம்கூட ஏதோ சிடுசிடுத்தாள். “அந்த இஞ்சினு நல்லாத்தான இருந்துச்சி, அன்னைக்கி மட்டும் எப்பிடி நின்னுச்சி?” என்று கேட்டாள். “சாப்பிடும்போது என்னத்துக்கு அதெல்லாம்” என்று அவன் தட்டைப் பார்த்தான். சரிதான் என்று விட்டுவிட்டாள்.

அந்த வாரம் முடிவதற்குள் கோபம் காணாமல்போனது. பால்காரன் மறுபடி தண்ணிப் பால் ஊற்றினான். அவள் வாங்கி உள்ளே வைத்தாள்.

அங்கேதான் புழு குடைய ஆரம்பித்தது. மருந்து குறைந்துகொண்டே வருகிறதென்றால் வந்த கோபம் எங்கே போயிற்று? மறுமாதமும் அப்படியே. நாலு நாள் கொட்டாவியும் சிடுசிடுப்பும், பிறகு பழையபடி கல். யாரோ ஏணியில் அவளை இறக்கி, இறக்கி, மறுபடி மேலே தூக்கி வைப்பதுபோல இருந்தது. யார் அந்த யாரோ? கையில் சாவி இருப்பது டாக்டரிடம்.

அதன் பிறகு அவள் கண்ணுக்கு எல்லாமே தட்டுப்பட்டது. டாக்டர் அறைக்கு வெளியே எப்போதும் ஒரு டை கட்டிய ஆள், சில்லு விற்கும் கம்பெனிக்காரன், மடியில் இனிப்புப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பான். போன மாதம் இல்லாத ஏசி இந்த மாதம் சுவரில் இருந்தது. சில்லை நிறுத்திவிட்டால் ஊசி எதற்கு, மருந்து எதற்கு, அந்த இனிப்புப் பெட்டிதான் எதற்கு? நோயாளி குணமாகிவிட்டால் நஷ்டம் யாருக்கு என்று யோசித்தாள். எல்லாவற்றையும்விட ஒன்று அவளை அரித்தது. ஒவ்வொரு முறையும் அவள் வெளியே வந்து செருப்பை மாட்டும் நேரத்தில், டாக்டர் இஞ்ஞாசியை மட்டும் உள்ளே கூப்பிட்டுக்கொள்வார். கதவின் கண்ணாடி வழியே பார்ப்பாள். டாக்டர் தலையாட்டுவார், இஞ்ஞாசி கையை விரிப்பான், டாக்டர் மறுபடி தலையாட்டுவார். இஞ்ஞாசி வெளியே வரும்போது அவன் முகம் சரியிருக்காது. என் புருஷனையும் இந்த ஆள் ஏமாற்றுகிறான் என்று நினைத்துக்கொள்வாள்.

“என்ன சொன்னாரு?”

“ஒண்ணுமில்ல அமலி. நல்லா பாத்துக்கிடுங்கன்னாரு.”

நம் ஊரில் நோய் ஒருவருக்கு வரும், விவரம் இன்னொருவருக்குப் போகும். புற்றுநோய் என்றாலும் சரி, பல்வலி என்றாலும் சரி, படுத்திருப்பவரிடம் சிரித்துப் பேசிவிட்டு, நிற்பவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டு உண்மையைச் சொல்வதுதான் வழக்கம். அதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை, மரியாதையாகக்கூட நினைக்கிறார்கள். அமலோற்பவமே தன் மாமியார் விஷயத்தில் அப்படித்தான் வராந்தாவில் நின்றிருக்கிறாள். இப்போது கட்டிலின் பக்கத்துக்கு வந்தபோதுதான் அந்த வராந்தா எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்தது.

ஒருமுறை கேட்டே விட்டாள். “டாக்டர், நீங்க மெய்யாவே கொறைக்கீங்களா?”

கோமதிநாயகத்தின் முகம் மலர்ந்துவிட்டது. “சந்தேகம் வந்துட்டா? நல்லதும்மா, ரொம்ப நல்லது! மருந்து எறங்குதுன்னு அர்த்தம். நான்தான் அன்னைக்கே சொன்னேன்லா?”

இதற்கு மேல் ஒருத்தி என்ன செய்வாள்? சந்தேகப்பட்டால் மருந்து குறைகிறது. சந்தேகப்படாவிட்டால் டாக்டர் நல்லவர். பூவா தலையா போட்டால் இரண்டு பக்கமும் அவருக்கே விழுகிற காசை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மனுஷன். போதாக்குறைக்கு இஞ்ஞாசியும், “ஆமா அமலி, என்கிட்டகூட நீ அப்பிடித்தான் பேசுத” என்று ஒத்து ஊதினான்.

கடைசியில் கெளுத்தி மீன்தான் அவளுக்குச் சாட்சி சொன்னது. ஒரு சனிக்கிழமை காலை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கெளுத்தியின் முள் உள்ளங்கையில் ஏறி மறுபக்கம் எட்டிப் பார்த்தது. கெளுத்தி முள் குத்தினால் என்ன ஆகும் என்று கடற்கரையில் யாரையும் கேட்டுக்கொள்ளலாம். பெரிய பெரிய மீசைக்காரர்கள் மணலில் உருண்டு புரண்டு அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அமலோற்பவம் முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த மீனை எடுத்தாள். தொட்டித் தண்ணீர் சிவந்து கிடந்ததைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. கை வீங்கிக்கொண்டு வந்தது. ஏதோ அடுத்த வீட்டுக்காரியின் கை வீங்குவதுபோல அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் போட்ட கணக்குக்குப் பாதிக்குமேல் மருந்து இறங்கியிருக்கவேண்டிய மாதம் அது. இது பாதி மருந்தில் இருக்கிற கை இல்லை.

இஞ்ஞாசி வேலைக்குப் போயிருந்தான். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் கூட வருவான், டாக்டர் அவனைத்தான் பார்த்துப் பேசுவார். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினாள்.

“இஞ்ஞாசி வரலியா?” டாக்டரின் முதல் கேள்வியே அதுதான்.

“எனக்குத்தான சில்லு வச்சிருக்கு? நான் வந்திருக்கேன்.” துணியைப் பிரித்துக் கையை மேஜைமேல் வைத்தாள். “கெளுத்தி. இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் வந்துட்டு. எனக்கு எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல. இப்பச் சொல்லுங்க, எவ்வளவுல இருக்கேன்?”

டாக்டர் கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முதலில் காயத்தைக் கழுவி ஊசி போட்டார். “அளவு சொல்லக்கூடாதும்மா. அதான் முறை” என்றார் பிறகு. குரலில் பழைய தெம்பு இல்லை.

“சரி, சொல்லாதீங்க. நான் நேரா பஜாருக்குப் போறேன். அந்த ரிப்பேர்காரன் கடை தெறந்துதான் இருக்கும்.”

அவள் மிரட்டவில்லை. பயம் என்கிற ஒன்றே இல்லாத ஆள் செத்துப்போவதைப் பற்றிப் பேசினால், அது பஸ் நேரம் சொல்வதுபோலத்தான் இருக்கும். கோமதிநாயகத்துக்கு அது புரிந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“நீங்க ஆரம்பிச்ச இடத்துலயேதான் இருக்கீங்க.”

“நெனச்சேன். கம்பெனிக்காரன் எவ்வளவு குடுக்கான்?”

“அம்மா, நான் ஒவ்வொரு மாசமும் கொறச்சிட்டுத்தான் இருக்கேன். நாலு நாள்ல உங்க வீட்ல இருந்து பின்னே, பின்னேன்னு அமுக்குதாங்க. ராத்திரி பூரா அலறுதீங்க, சுவத்துல தலைய முட்டுதீங்க, சாகப் போறேன்னு சொல்லுதீங்கன்னு உங்க வீட்டுக்காரர் கண்ணு கலங்கிச் சொல்லுதாரு. அவர் சொல்லும்போது நான் என்ன செய்ய முடியும்?”

“யாரு அலறுனா?” என்று கேட்டாள் அமலோற்பவம்.

டாக்டரின் முகத்தில் ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டு வருவதை அவள் பார்த்தாள். இந்த மனுஷன் திருடனில்லை என்று அப்போது தெரிந்தது. அவருக்குக் கிடைத்த ஆறுதல் அவ்வளவுதான், ஏனென்றால் அடுத்து அவள் சொன்னது அதைவிட மோசம்.

“நீங்க ஒருநாள்கூட என்னயப் பாத்துப் பேசல டாக்டர். தூக்கம் வருதான்னு என்கிட்ட கேப்பீங்க, பதில அவுக முகத்துல தேடுவீங்க. நான் செருப்பு மாட்டுத நேரத்துல என்னயப் பத்தி ரெண்டு பேரும் பேசி முடிச்சிருவீங்க. ராத்திரி நான் அலறுனேனான்னு என்கிட்டயே கேட்டிருக்கலாம்லா?”

“கேட்டா உங்களுக்கு அது நெனப்புல நின்னு, இன்னும் பயம் கூடிருமோன்னு…” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். “சில்லுல பாத்தா வலி ஒண்ணும் பெருசா காட்டல. அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சி. ஆனா மிஷினு ஒண்ணு சொல்லுது, கட்டுன புருஷன் ஒண்ணு சொல்லுதாரு. நான் புருஷன நம்புனேன். தப்புதாம்மா. கேட்டிருக்கணும்.”

இஞ்ஞாசிக்கு ஆள் அனுப்பினார்கள். ஐஸ் கம்பெனியின் ஈரம் காயாத சட்டையோடு வந்தான். உள்ளே அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டான். எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவனுக்குச் சொல்லவேண்டிய அவசியமிருக்கவில்லை.

டாக்டர் அவனுக்கு ஒரு வழி விட்டார். நல்ல மனுஷன்தான். “இஞ்ஞாசி, பாசத்துல செஞ்சிருக்கீங்க. சம்சாரம் கஷ்டப்படுததப் பாக்க மனசு கேக்காது. நெறைய வீட்ல இது நடக்கும். ஆனா எறக்கி எறக்கி ஏத்துனா உடம்புக்கு அதவிடக் கெடுதல் இல்ல.”

அவன் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். விஷயம் அதோடு முடிந்திருக்கும். அவனுக்கு வாய் கோணியது.

“பாசமெல்லாம் இல்ல டாக்டர்” என்றான். பிறகு அவளைப் பார்க்காமல், அவள் கையில் கட்டியிருந்த கட்டைப் பார்த்துக்கொண்டு பேசினான். “அன்னைக்கி வள்ளத்த எடுத்துட்டு வரவேண்டியது நான். இஞ்சினு அடிக்கடி நிக்கிதுன்னு எனக்குத் தெரியும். நாளைக்கிப் பாப்போம், நாளைக்கிப் பாப்போம்னு போட்டு வச்சிருந்தேன். கரையில சீட்டு ஆடிட்டு இருந்தோம். அவன் வந்து, அப்பா நேரமாச்சி கெளம்புங்கன்னான். நீயே போய் எடுத்துட்டு வால, ஒரு ஆட்டந்தான் மிச்சம்னு சொன்னேன். இஞ்சினப் பத்திச் சொல்லல. சொன்னா எந்திரிச்சிப் போகணும்லா. கை நல்லா வந்திருந்துச்சி அமலி.”

டாக்டர் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

“நீ ஒண்ணும் கேக்கல. அடக்கம் முடிஞ்சி வீட்டுக்கு வந்தோம், கேக்கல. வருஷம் திரும்புச்சி, கேக்கல. சில்லு இருக்க வரைக்கும் கேக்கமாட்டன்னு இருந்தேன். அன்னைக்கிச் சோறு போடும்போது இஞ்சினக் கேட்ட பாரு, அன்னைக்கித்தான் மொதல்ல அமுக்குனேன்.”

அமலோற்பவம் எல்லாவற்றையும் கேட்டாள். ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. வள்ளம், இஞ்சின், சீட்டு, கையில் வந்த நல்ல சீட்டு. முழு மருந்தும் உள்ளே ஓடிக்கொண்டிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அவன் தோள் குலுங்குவதைப் பார்த்தபோது, பாவம் என்று தோன்றியது. பரவாயில்லை, விடுங்க, நடந்தது நடந்துபோச்சி என்ற சொற்கள் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. அவ்வளவு சுலபமாக வந்தன. அந்தச் சுலபத்தைப் பார்த்துத்தான் அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

“அழாதீங்க” என்றாள். “பரவாயில்லன்னு சொல்ல வருது எனக்கு. இப்பச் சொன்னா சொல்லிருவேன், லேசா வந்துரும். ஆனா அது நான் சொல்லுததா இருக்காது, இந்தச் சில்லு சொல்லுததா இருக்கும். உங்களுக்கும் அது செல்லாது. அதனால இப்ப நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல.”



கோமதிநாயகம் மேஜையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். “சாட்சிய மாத்திரலாம்மா. சட்டத்துல எடமிருக்கு. உங்க தங்கச்சி யாராவது, இல்ல பக்கத்து வீட்ல…”

“இவுகளே இருக்கட்டும்.”

“இவரயா?”

“இவுகதான். எறங்குத ஒவ்வொரு படியும் இவுகளுக்குத் தெரியணும். நான் என்னைக்கிக் கேப்பேன்னு தெரிஞ்சே பக்கத்துல இருக்கட்டும். எனக்கு மூச்சு முட்டுனா அமுக்கட்டும், அதுக்கு நான் குறுக்க நிக்கல. உங்களுக்கு ஒண்ணு சொல்லுதேன் டாக்டர். இனிமே செருப்ப உள்ளயே மாட்டிக்கிடுதேன்.”

டாக்டர் எழுந்துபோய்க் கதவைத் திறந்து, கம்பெனிக்காரனை இன்னொரு நாள் வரச்சொன்னார். அது எதற்கு என்று அமலோற்பவத்துக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்த ஏசி விஷயத்திலும் அவளுக்கு இன்னும் கொஞ்சம் சந்தேகம் பாக்கி இருக்கிறது.

திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். இந்த முறை டாக்டர் அவளைப் பார்த்தே கேட்டார், இஞ்ஞாசி பதில் சொல்ல வாயெடுத்தால் கையைக் காட்டி நிறுத்தினார். கொட்டாவி வந்தது, மூக்கு ஒழுகியது, வயிறு புரட்டியது. நடுவில் ஒரு வாரம் நெஞ்சு படபடத்துத் தூக்கமில்லாமல் போனபோது, டாக்டரே அந்தப் படியில் கொஞ்ச நாள் நிற்கவைத்து, பிறகு இறக்கினார். முதுகு தன் கணக்கைக் கேட்க ஆரம்பித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் சொல்லித் தந்த பயிற்சியைச் செய்தாள். பால்காரன் வேறு தெருவுக்குப் போய்விட்டான். இஞ்ஞாசி மெலிந்துகொண்டே வந்தான். அளவு அவளுக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தால் இத்தனையாவது படி என்று சொல்லிவிடலாம்போல இருந்தது. அவள் பார்ப்பதைத் தவிர்த்தாள். வீட்டில் இரண்டு பேரும் குரல் உயர்த்தவில்லை. ஒருவர் போட்ட சோற்றை ஒருவர் தின்றார்கள்.

மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தெருவில் இரண்டு பையன்கள் ஒரு இஞ்சினைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனார்கள். பின்னால் போனவன், “மெதுவாப் போல, கால்ல போட்டுராத” என்று சிரித்தான். டெரிக்கின் குரல் இல்லை. அவன் சாயல்கூட இல்லை. அவளுக்கு அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று புரண்டு மேலே வந்தது. இடுப்பு வலி என்று முதலில் நினைத்தாள். இடுப்பைப் பிடித்துப் பார்த்தாள். அது இல்லை.

“ஏங்க” என்று கூப்பிட்டாள். அது அவளுடைய குரலாகவே இல்லை.

இஞ்ஞாசி உள்ளறையிலிருந்து வந்தான். அவனுக்குத் தெரிந்திருந்தது, எத்தனை நாளாகவோ. சட்டை போட்டுக்கொண்டு, தலை சீவிக்கொண்டு வந்திருந்தான். அவள் எதிரில், தரையில் உட்கார்ந்தான்.

“அன்னைக்கி என்ன நடந்துச்சி? மொதல்ல இருந்து சொல்லுங்க.”

“நான் கரையில சீட்டு ஆடிட்டு இருந்தேன்” என்று தொடங்கினான். “அவன் வந்து, அப்பா நேரமாச்சின்னான்.”

அமலோற்பவம் அலறினாள். அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. அவள் கையில் இருந்ததையெல்லாம் அவன்மேல் எறிந்தாள், அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள், என் பிள்ளை, என் பிள்ளை என்று தலையிலடித்துக்கொண்டாள். கைபேசி அவன் சட்டைப்பையில்தான் இருந்தது. அவன் அதை எடுக்கவில்லை. அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, விட்ட இடத்திலிருந்து மேலே சொன்னான்.